காலைக் கையால் தூக்கி வைத்த ஆசிரியை: இடுப்பு மூட்டு மாற்றத்துக்குப் பின் நீடித்த தசைநாண் வலி

அந்த அம்மா பரிசோதனைக் கட்டிலில் ஏறிய விதத்திலேயே பாதி விஷயம் தெரிந்துவிட்டது. வலது காலைத் தானாக மேலே போட்டார். இடது காலின் முறை வந்ததும், சேலைக்கு மேலாகவே முழங்காலுக்கு அடியில் இரண்டு கைகளையும் கோத்து, தூங்குகிற குழந்தையைத் தூக்கி வைப்பது போல அந்தக் காலைத் தூக்கிக் கட்டில்மேல் வைத்தார். அப்படிச் செய்கிறோம் என்பது அவருக்கே தெரியவில்லை. 14 மாதமாகச் செய்து பழகிப்போன ஒன்று.

வயது 56. தொடக்கப் பள்ளித் தலைமை ஆசிரியை. பிறவியிலேயே இரண்டு பக்கமும் இடுப்புக் குழி ஆழம் குறைவு. அதனால் குருத்தெலும்பு தேய்ந்து, இடது பக்கம் முழு மூட்டு மாற்று அறுவை சிகிச்சை வேறொரு மருத்துவமனையில் நடந்திருந்தது. சிமென்ட் இல்லாத வகை மூட்டு. பழைய வலி அதோடு போய்விட்டது. ராத்திரி தூக்கம் வந்தது, நொண்டல் குறைந்தது. ஆனால் நடக்க ஆரம்பித்து ஆறாவது வாரத்திலேயே தொடையிடுக்கில் வேறு ஒரு வலி தலைகாட்டியது. அவருடைய சம்மதத்தோடும், அடையாளம் தெரியாதபடியும் இதை எழுதுகிறேன். இளம் எலும்பு மருத்துவர்களும் பிசியோதெரபிஸ்டுகளும் படிக்க வேண்டும் என்பது முதல் ஆசை. மூட்டு மாற்றிய பிறகும் வலியோடு இருந்துகொண்டு, யாரிடம் போய்ச் சொல்வது என்று தெரியாமல் தவிக்கிறவர்களும் படிக்க வேண்டும்.

"சமதரையில நடந்தா ஒண்ணுமில்ல டாக்டர். டவுன் பஸ் படியில காலை வைக்கணும்னாதான் உயிர் போகுது" என்றார். ஆட்டோவில் ஏறி உட்கார்ந்து, வெளியே நிற்கும் இடது காலை உள்ளே இழுக்கும்போது வலி. படுக்கையில் காலைத் தூக்கிப் போடும்போது வலி. குளியலறை வாசற்படியைத் தாண்டும்போது வலி. நாற்காலியிலிருந்து எழும் அந்த முதல் நொடியில் வலி. சும்மா இருந்தால் இல்லை, படுத்தால் இல்லை. விரலால் தொட்டுக் காட்டச் சொன்னேன். தொடையிடுக்கின் நடுவில், ஒரு ரூபாய் நாணயம் அளவு இடத்தைச் சரியாகத் தொட்டார்.

இதற்கு முன் மூன்று இடங்களில் காட்டியிருக்கிறார். மூன்று இடத்திலும் எக்ஸ்ரே எடுத்தார்கள். மூன்று இடத்திலும் "மூட்டு அருமையா உட்கார்ந்திருக்கு, பயப்படாதீங்க" என்றார்கள். கடைசியாகப் பார்த்த இடத்தில், மனசைத் தளரவிடாமல் இருக்கச் சொல்லித் தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார்கள். அந்தச் சீட்டை என் மேசையில் வைத்தபோது அவர் கண் கலங்கியது. அவர் கணவர் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நான் யாரையும் குறை சொல்ல வரவில்லை. பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முன் இதே போல ஒருவர் என்னிடம் மூன்று முறை வந்தார். முன்னாலிருந்து எடுக்கும் நேர்முக எக்ஸ்ரேயைப் பார்த்தேன், மூட்டு நன்றாக இருந்தது, வலி மாத்திரை எழுதி அனுப்பினேன். நான்காவது முறை அவர் வரவில்லை. அவருக்கு என்ன இருந்திருக்கும் என்பது இப்போது எனக்குத் தெரியும். அன்றைக்கு நான் தேடவே இல்லை.

வலியின் இடத்தில் என்ன இருக்கிறது

முதுகெலும்பின் கீழ்ப்பகுதியிலிருந்து சோவாஸ் என்ற தசையும், இடுப்பெலும்பின் உட்பக்கத்திலிருந்து இலியாக்கஸ் என்ற தசையும் இறங்கி வருகின்றன. இரண்டும் சேர்ந்து இலியோசோவாஸ் ஆகி, இடுப்பு மூட்டின் முன்பக்கமாக வளைந்து போய், தொடை எலும்பின் உட்புறத்தில் இருக்கும் லெஸ்ஸர் ட்ரோக்கான்டர் என்ற சிறிய முண்டில் முடிகின்றன. காலை மேலே தூக்குகிற வேலையில் முதல் ஆள் இந்தத் தசைதான். பஸ் படி, ஆட்டோ, கட்டில், வாசற்படி என்று டீச்சர் சொன்ன ஒவ்வொன்றும் இந்தத் தசையின் வேலை. அவர் கையால் காலைத் தூக்கியது இந்தத் தசைக்கு ஓய்வு கொடுக்கத்தான். உடம்பு தானாகக் கண்டுபிடித்த வழி.

இதன் தசைநாண், அதாவது தசையை எலும்போடு இணைக்கும் கயிறு போன்ற நார், மூட்டின் முன்விளிம்பை ஒட்டியே ஓடுகிறது. இயற்கையான இடுப்புக் குழியின் முன்விளிம்பில், அந்த இடத்தில் ஒரு சின்னப் பள்ளம் உண்டு. கிணற்று விளிம்புக் கல்லில் கயிறு ஓடி ஓடி விழுந்த தடம் போல இருக்கும். தசைநாண் அந்தப் பள்ளத்தில் வழுக்கிக்கொண்டு போகும். மூட்டு மாற்றும்போது குழிக்குள் உலோகக் கிண்ணம் வைக்கிறோம். கிண்ணம் முழு வட்டம், அதன் விளிம்பில் பொதுவாகப் பள்ளம் கிடையாது. அது எலும்புக்குள் அடங்கி உட்கார்ந்தால் தொந்தரவில்லை. முன்பக்கம் சில மில்லிமீட்டர் வெளியே நீட்டிக்கொண்டால், ஒவ்வொரு முறை காலைத் தூக்கும்போதும் தசைநாண் அந்த உலோக விளிம்பில் உராயும். நாள்பட நாள்பட வீங்கும், சுற்றியுள்ள உறையில் நீர் கோக்கும்.

கிண்ணம் ஏன் நீட்டிக்கொள்கிறது? தேவைக்கு மேல் பெரிய கிண்ணம் ஒரு காரணம். முன்நோக்கிய சாய்வு போதாமல் வைத்த கிண்ணம் இன்னொன்று. குழியை ஆழப்படுத்தாமல் வெளிப்பக்கமாகவே உட்கார வைத்ததாலும் வரும். குழியின் முன்சுவர் பிறவியிலேயே குறைவாக இருந்தால், சரியாக வைத்தாலும் விளிம்பு மூடாமல் போகலாம். கிண்ணம் ஒழுங்காக இருந்தும், அதைப் பிடிக்கப் போட்ட திருகாணியின் முனையோ, வழிந்து இறுகிய சிமென்டோ தசைநாணைக் குத்துவதும் உண்டு. கால் நீளம் கூடிவிட்டால் தசைநாண் விறைத்துக்கொள்ளும்.

இது அப்படியொன்றும் அபூர்வமில்லை. மூட்டு மாற்றியவர்களில் நூற்றுக்குச் சுமார் நாலு பேருக்கு இந்த உராய்வு வரலாம் என்பது அடிக்கடி மேற்கோள் காட்டப்படும் கணக்கு. ஜான் சார்ன்லி என்ற அறுவை மருத்துவர் இங்கிலாந்தில் இன்றைய வடிவிலான மூட்டு மாற்றத்தை 1962-ல் நிலைநிறுத்தினார். அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவமனையைச் சேர்ந்த ட்ரவுஸ்டேல், கபனேலா, பெர்ரி மூவரும் இந்த உராய்வைப் பற்றித் தனிக் கட்டுரையாக எழுதியது 1995-ல். நடுவில் 33 வருடம். அத்தனை காலமும் இந்த வலியோடு எத்தனை பேர் "எக்ஸ்ரே நல்லா இருக்கு" என்ற பதிலோடு வீட்டுக்குப் போயிருப்பார்கள்!

பரிசோதனை

டீச்சரைப் படுக்க வைத்து, நான் என் கையால் அவர் இடுப்பை 90 பாகைவரை மடக்கினேன். வலியில்லை. உள்பக்கம், வெளிப்பக்கம் திருப்பினேன். வலியில்லை. அடுத்து, முழங்காலை மடக்காமல் காலை அவராகவே ஒரு சாண் தூக்கச் சொல்லி, தொடைமேல் லேசாக அழுத்தினேன். முகம் சுருங்கியது. கட்டில் ஓரத்தில் கால்களைத் தொங்கவிட்டு உட்கார வைத்து, தொடையைத் தூக்கச் சொல்லி மேலிருந்து தடுத்தபோதும் அதே நாணய அளவு இடத்தில் சுரீரென்றது. பிறர் அசைத்தால் வலிக்காது, தானே தூக்கினால் வலிக்கும். இந்த ஒரு வித்தியாசத்தை யாரும் இரண்டு நிமிடத்தில் சோதித்துவிடலாம். கோளாறு மூட்டுக்குள் இல்லை, அதன் முன்னால் ஓடும் கயிற்றில் இருக்கிறது என்பதற்கு இது பெரிய குறிப்பு.

ஆனாலும் மூட்டு மாற்றியவருக்கு வலி என்றால் முதலில் விலக்க வேண்டியது கிருமித்தொற்று. இதில் அவசரப்பட்டால் நோயாளிக்குத்தான் கேடு. உடம்பில் அழற்சி இருக்கிறதா என்று காட்டும் ரத்தச் சோதனைகளில் ஈ.எஸ்.ஆர். 18, சி.ஆர்.பி. லிட்டருக்கு 2 மில்லிகிராம், இரண்டும் இயல்பு. அத்தோடு விடாமல், மூட்டு நீரை ஊசியால் எடுத்து 14 நாள் வளர்ப்புச் சோதனைக்கு அனுப்பினோம். எதுவும் வளரவில்லை. மூட்டு தளர்ந்திருந்தால் வலி பெரும்பாலும் நடக்கத் தொடங்கும்போது தொடையில் வரும், எலும்புக்கும் உலோகத்துக்கும் நடுவே எக்ஸ்ரேயில் கோடு தெரியும். இரண்டும் இல்லை. இடுப்பு முதுகின் நரம்பு அழுத்தம், குடலிறக்கம் இரண்டையும் பார்த்து விலக்கினோம்.

நேர்முக எக்ஸ்ரே உண்மையிலேயே அழகாகத்தான் இருந்தது. முன்பு பார்த்தவர்கள் பொய் சொல்லவில்லை. கிண்ணத்தின் சாய்வு 42 பாகை, காலின் நீளம் சமம். ஆனால் முன்னும் பின்னும் நீட்டிக்கொண்டிருப்பது நேர்முகப் படத்தில் தெரியவே தெரியாது. பக்கவாட்டுப் படம் எடுத்துப் பார்த்ததும், கிண்ணத்தின் முன்விளிம்பு எலும்பைத் தாண்டி வெளியே வெறுமையாக நின்றது. இந்தப் படத்தை 14 மாதத்தில் யாரும் எடுக்கவில்லை. கூடுதலாக ஆகிற செலவு ஒரே ஒரு ஃபிலிம்.

உலோகத்தின் சிதறலைக் குறைக்கும் முறையில் எடுத்த சி.டி.யில் அளந்தோம். முன்விளிம்பு 6 மி.மீ. வெளியே. கிண்ணத்தின் முன்நோக்கிய சாய்வு 10 பாகை, கொஞ்சம் குறைவு. உள்ளே இருந்த கிண்ணத்தின் விட்டம் 52 மி.மீ. பழைய படத்திலிருந்து கணக்கிட்டால் தொடை எலும்பின் மேல்முனையில் குழிக்குள் உட்காரும் அவருடைய சொந்தப் பந்தின் விட்டம் 44 மி.மீ. எட்டு மில்லிமீட்டர் வித்தியாசம். இது 6-ஐத் தாண்டும்போதே தொடையிடுக்கு வலிக்கான வாய்ப்பு கூடுவதாக ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

52 ஏன் வைத்தார்கள் என்பது எனக்குப் புரிகிறது. உள்ளே 36 மி.மீ. பந்து போட்டிருந்தார்கள். பந்து பெரிதாக இருந்தால் மூட்டு நழுவும் பயம் குறைவு. பல நிறுவனங்களின் வடிவமைப்பில் 36 பந்துக்கு 50 அல்லது 52 கிண்ணமாவது வேண்டும். நம் ஊர்ப் பெண்கள் பலருக்குக் குழி சின்னது. பெரிய பந்து வேண்டுமென்று குழியைக் குடைந்து பெரிதாக்கினால், முன்சுவர் மெலிந்து விளிம்பு வெளியே வந்துவிடும். நழுவாமல் இருக்க வேண்டும் என்ற நல்ல எண்ணத்தில் செய்ததுதான் இங்கே வலியாக முடிந்தது.

ஊசி சொன்ன பதில்

படம் எவ்வளவு தெளிவாக இருந்தாலும், வலி அந்த இடத்திலிருந்துதான் வருகிறது என்பதற்கு அது சாட்சி ஆகாது. கிண்ணம் நீட்டிக்கொண்டும் வலியே இல்லாமல் நடமாடுகிறவர்கள் இருக்கிறார்கள். அதனால் அடுத்தது மரப்பு ஊசி.

அல்ட்ராசவுண்டில் கிண்ண விளிம்பு பளிச்சென்று ஒரு வெள்ளைக் கோடாகத் தெரியும். அதன்மேல் தசைநாண் தடித்து, சுற்றிலும் கருப்பாக நீர். டீச்சரைக் காலை மெல்லத் தூக்கச் சொன்னபோது, தசைநாண் அந்த வெள்ளைக் கோட்டில் ஒரு கணம் சிக்கி, சட்டென்று தாண்டியதைத் திரையில் பார்த்தோம். அவரும் பார்த்தார். "இதுதானா அது?" என்று கேட்டார். ஒரு வருடத்துக்கு மேல் யாரும் நம்பாத ஒன்றை அவர் தன் கண்ணால் பார்த்த நேரம் அது. ஊசி முனையைத் தசைநாணின் உறைக்குள் கொண்டுபோய், மரப்பு மருந்தும் ஸ்டீராய்டும் சேர்த்துப் போட்டோம். மூட்டுக்குள் போகாதபடி கவனமாக.

கால் மணி நேரம் கழித்து மாடிப்படிக்கு அழைத்துப் போனேன். கைப்பிடியைப் பிடிக்காமல் நாலு படி ஏறினார். திரும்பி நின்று, ஐந்தாவது படியையும் ஏறட்டுமா என்று கேட்டார். பத்துக்கு ஏழாக இருந்த வலி ஒன்றாக இறங்கியிருந்தது. நோய் எதுவென்பது அங்கே உறுதியானது.

ஸ்டீராய்டின் பலன் ஐந்து வாரம் நின்றது. சிலருக்கு ஒரே ஊசியில் வலி முழுசாகப் போவதும் உண்டு. அதனால் அறுவை பற்றிப் பேசுவதற்கு முன் எல்லோருக்கும் இந்த வாய்ப்பைக் கொடுப்பேன். இவருக்கு வலி பழையபடி திரும்பியது. தசையை மெதுவாக நீட்டும் பயிற்சிகளும் பிசியோதெரபியும் ஏற்கெனவே ஆறு மாதம் செய்திருந்தார். இன்னொரு ஊசி போடச் சொல்லிக் கேட்டார். செயற்கை மூட்டுக்குப் பக்கத்தில் ஸ்டீராய்டைத் திரும்பத் திரும்பப் போடுவதில் எனக்கு விருப்பமில்லை. கிருமி பிடித்துவிட்டால் இப்போதிருக்கும் துன்பம் ஒன்றுமே இல்லை என்றாகிவிடும். அதே பயத்தில்தான் ஊசிக்கும் அறுவைக்கும் நடுவே மூன்று மாதம் இடைவெளி விட்டோம்.

கிண்ணத்தை மாற்றுவதா, தசைநாணை விடுவிப்பதா

நோய்க்கு மூலம் கிண்ணம்தானே, அதை எடுத்துவிட்டு வேறு வைத்தால் என்ன? டீச்சரின் கணவர் கேட்டது இதைத்தான். நியாயமான கேள்வி. ஆனால் எலும்போடு நன்றாக ஒட்டி வளர்ந்துவிட்ட கிண்ணத்தைப் பெயர்ப்பது பெரிய வேலை. எலும்பு கொஞ்சம் கூடவே வரும், ரத்தம் போகும், நழுவுதலும் கிருமித்தொற்றும் முதல் அறுவையைவிட இரண்டாவதில் அதிகம். டீச்சருக்கு ஏற்கெனவே முன்சுவர் எலும்பு குறைவு.

இன்னொரு வழி கிண்ணத்தைத் தொடாமல் தசைநாணை வெட்டி விடுவிப்பது. உராய்வதற்குக் கயிறு இறுக்கமாக இல்லையென்றால் விளிம்பு இருந்துவிட்டுப் போகட்டும். எதை யாருக்குச் செய்வது என்பதில் எனக்கு வழிகாட்டியது 2017-ல் மேயோ கிளினிக்கிலிருந்து வந்த ஆய்வு. இந்த உராய்வு இருந்த 49 பேரைப் பார்த்தார்கள். அறுவை இல்லாமல் சமாளித்த 20 பேரில் 10 பேருக்கு வலி போனது. விளிம்பு 8 மி.மீ.-க்குக் குறைவாக நீட்டியிருந்து தசைநாணை மட்டும் வெட்டிய ஐந்து பேருக்கும் வலி போனது. 8 அல்லது அதற்கு மேல் நீட்டியிருந்தவர்களில், கிண்ணத்தை மாற்றிய 13 பேரில் 12 பேருக்குப் போனது. தசைநாணை மட்டும் வெட்டிய மூன்று பேரில் ஒருவருக்குத்தான் போனது. சின்ன எண்ணிக்கைகள்தான், கல்லில் செதுக்கிய சட்டம் இல்லை. ஆனாலும் அந்த 8 மி.மீ. எல்லைக்கோடு அறிவுக்குப் பொருந்துகிறது. டீச்சருக்கு 6.

வெட்டுவதென்று முடிவானால் பெரிதாகத் திறக்கத் தேவையில்லை. கேமராவுக்கும் கருவிக்குமாக இரண்டு சின்னத் துளை போதும். எந்த இடத்தில் வெட்டுவது என்பதில்தான் மருத்துவர்களுக்குள் கருத்து வேறுபாடு. மூட்டு மட்டத்தில், மூட்டின் உறையைத் திறந்து உள்ளே போய் வெட்டுவது ஒரு முறை. அதில் கிண்ண விளிம்பையும் அது தேய்த்த தசைநாணையும் நேரில் பார்க்கலாம். செயற்கை மூட்டின் உட்புறத்தையும் சோதிக்கலாம், நீரும் திசுவும் எடுத்து அனுப்பலாம். இன்னொரு முறை, மூட்டைத் தொடாமல் கீழே லெஸ்ஸர் ட்ரோக்கான்டரில், தசைநாண் எலும்பில் முடிகிற இடத்திலேயே வெட்டுவது.

இங்கே தசையின் பலமும் கணக்கில் வரும். 2011-ல் வந்த ஓர் உடற்கூறு ஆய்வின்படி, மூட்டு விளிம்பு மட்டத்தில் இந்தக் கயிற்றின் குறுக்குவெட்டில் நாண் 40 சதவீதம், மீதி 60 தசை. லெஸ்ஸர் ட்ரோக்கான்டரில் நாண் 60, தசை 40. எங்கே வெட்டினாலும் நாண் பகுதியை மட்டுமே வெட்டுகிறோம், தசை இழைகள் இணைப்பை விடாமல் நிற்கின்றன. அதனால்தான் வெட்டிய பிறகும் மனிதர்கள் காலைத் தூக்குகிறார்கள். ஆனால் கீழே வெட்டினால் பலம் கூடுதலாகக் குறையலாம் என்பது இந்தக் கணக்கிலிருந்தே தெரிகிறது.

நான் கீழேயே வெட்டத் தீர்மானித்தேன். தொற்று இல்லையென்று ஏற்கெனவே உறுதி செய்தாயிற்று, மூட்டுக்குள் பார்க்க வேண்டிய சந்தேகம் எதுவும் மீதி இல்லை. நன்றாக இருக்கிற செயற்கை மூட்டின் உறையைக் காரணமில்லாமல் திறக்கக் கூடாது என்பது என் எண்ணம். உலோகத் தேய்மானம் போல வேறு ஐயம் இருந்திருந்தால் மூட்டுக்குள்தான் போயிருப்பேன்.

பலக்குறைவைப் பற்றி டீச்சரிடம் ஒளிக்காமல் சொன்னேன். "வலி போக நல்ல வாய்ப்பு இருக்கு. ஆனா முதல் சில வாரம் காலைத் தூக்கவே வராது, பயந்துடாதீங்க. பலம் திரும்ப மாசக்கணக்காகும். முழுசா திரும்பும்னு உறுதி கொடுக்க மாட்டேன்." சொந்த மூட்டு உள்ளவர்களிடம் இந்தத் தசைநாணை வெட்டிய பின் எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்த 2016-ஆம் ஆண்டு ஆய்வில், தசையின் கன அளவு 25 சதவீதமும், உட்கார்ந்தபடி தொடையைத் தூக்கும் பலம் 19 சதவீதமும் குறைந்திருந்தன. அந்த எண்களையும் சொன்னேன். கணக்கு டீச்சர் அவர். கொஞ்சம் யோசித்துவிட்டு, "இப்ப வலியில எம்பது சதவீதம் தூக்க முடியாமதானே இருக்கேன்" என்றார்.

அறுவை அரங்கில்

மல்லாக்கப் படுக்க வைத்து முழு மயக்கம். காலை இழுத்துக் கட்டும் கருவி தேவையில்லை. இடுப்பைக் கொஞ்சம் மடக்கி, காலை வெளிப்பக்கம் நன்றாகத் திருப்பி வைத்தால் உட்புறத்தில் ஒளிந்திருக்கும் லெஸ்ஸர் ட்ரோக்கான்டர் முன்னால் வந்து நிற்கும். அறுவையின்போதே திரையில் படம் காட்டும் சி-ஆர்ம் எக்ஸ்ரேயைப் பார்த்தபடி தொடையின் முன்-வெளிப்பக்கத்தில் முதல் துளை, அதற்குச் சற்றுக் கீழே இரண்டாவது. ஒவ்வொன்றும் ஒரு சென்டிமீட்டர். தொடையின் பெரிய ரத்தக்குழாய்களும் நரம்பும் உள்பக்கமாக ஓடுகின்றன. துளையை வெளிப்பக்கத்தில் வைத்து, கருவி முனை எலும்பை விட்டு விலகாமல் இருந்தால் அவற்றிலிருந்து தள்ளியே இருக்கலாம்.

சலைன் ஓடத் தொடங்கியதும் முதலில் திரையில் தெரிவதெல்லாம் பஞ்சு போன்ற திசுதான். ரேடியோ அலைக் கருவியால் அதை விலக்கிக்கொண்டே போனால் திடீரென்று வெள்ளையாக, ஈரப் பட்டுநூல் கற்றை போல மினுமினுக்கும் தசைநாண் வரும். அதன் இரண்டு ஓரத்தையும் தெளிவாகப் பார்த்த பிறகுதான் வெட்டத் தொடங்கினேன். எலும்பை ஒட்டி, ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக. ஒவ்வொரு இழையும் அறும்போது மேல்நோக்கிச் சுருங்கி விலகியது. கடைசி இழையும் போனதும் இரண்டு முனைக்கும் நடுவே இரண்டு சென்டிமீட்டர் போல இடைவெளி, அதற்குப் பின்னால் சிவப்பாகத் தசை இழைகள் அப்படியே இருந்தன. உதவியாளர் காலை மடக்கி நீட்டிக் காட்டினார். கிண்ண விளிம்பு இங்கிருந்து தெரியாது, எனவே மேலே உராய்வு நின்றதா என்று கண்ணால் பார்த்து உறுதி செய்ய இந்த முறையில் வழியில்லை.

ஒரு எச்சரிக்கையைச் சொல்லியாக வேண்டும். சோவாஸ் தசையின் உறை வயிற்றின் பின்பகுதியோடு தொடர்புள்ளது. சலைனின் அழுத்தம் கூடினாலோ, அறுவை நேரம் நீண்டாலோ நீர் அந்த வழியாக வயிற்றுக்குள் ஏறிவிடும். துளை சின்னது என்பதால் ஆபத்தும் சின்னது என்று நினைத்துவிடக் கூடாது. பம்ப் அழுத்தத்தைக் குறைவாக வைத்தோம். மயக்க மருத்துவர் கால் மணிக்கு ஒருமுறை துணிக்கடியில் கையை விட்டு வயிற்றைத் தொட்டுப் பார்த்தார், உடல் வெப்பத்தையும் கவனித்தார். மொத்தம் 35 நிமிடம். ஒவ்வொரு துளைக்கும் ஒரு தையல்.

அதன் பிறகு

அன்று சாயங்காலமே வாக்கர் பிடித்து நடந்தார். மறுநாள் காலையில் நான் போனபோது கட்டிலில் உட்கார்ந்திருந்தார், முகம் வாடியிருந்தது. தொடையைத் தூக்கிப் பார்த்திருக்கிறார், ஒரு அங்குலம்கூட எழவில்லை. முன்பே சொன்னதுதான், ஆனாலும் தன் கால் தன் பேச்சைக் கேட்காமல் கிடப்பதைப் பார்ப்பது வேறு. "வலிக்குதா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தார். "இல்ல டாக்டர். தூக்க வரல, அவ்வளவுதான்."

வெட்டிய இடத்தைச் சுற்றிப் புது எலும்பு வளர்ந்துவிடுவது இந்த அறுவையில் தெரிந்த தொல்லை. அதைத் தடுக்க இண்டோமெத்தசின் என்ற அழற்சி குறைக்கும் மாத்திரை மூன்று வாரம், கூடவே வயிற்றுக்குப் பாதுகாப்பு மாத்திரை. ஊன்றுகோல் இரண்டு வாரம். முதல் ஆறு வாரம் காலை நேராகத் தூக்கும் பயிற்சி வேண்டாம் என்று பிசியோதெரபிஸ்டிடம் தனியாகப் பேசிச் சொன்னேன். மூட்டு மாற்றியவர்களுக்குக் கொடுக்கும் வழக்கமான பயிற்சித் தாளில் அதுதான் முதல் வரியாக இருக்கும், பழக்கத்தில் ஆரம்பித்துவிடுவார்கள். பதிலாக நடை, பின்தொடைத் தசைக்கும் பிட்டத் தசைக்கும் பயிற்சி, பாதம் தரையை விட்டுக் கிளம்பாமல் குதிகாலை இழுக்கும் பயிற்சி. ஆறாவது வாரத்துக்கு மேல் மெல்ல மெல்லத் தூக்குதல்.

இரண்டாவது வாரத்தில் தூக்கும் பலம் ஐந்துக்கு மூன்று. மூன்றாவது மாதத்தில் நான்கு. அதற்குள் கையால் காலைத் தூக்கும் பழக்கம் போய்விட்டிருந்தது, ஆனால் அது எந்த நாளில் நின்றது என்று அவருக்கே நினைவில்லை. இடுப்பின் வலியையும் செயல்திறனையும் நூற்றுக்கு அளக்கும் ஹாரிஸ் இடுப்பு மதிப்பெண் அறுவைக்கு முன் 62, ஆறாவது மாதத்தில் 90. ஒரு வருடம் முடிந்து வந்தபோது வலி சுத்தமாக இல்லை. எக்ஸ்ரேயில் புது எலும்பு எதுவும் வளரவில்லை, கிண்ணம் இருந்த இடத்திலேயே இருந்தது. பலம் மட்டும் வலது காலோடு ஒப்பிட்டால் ஒரு மாற்றுக் குறைவுதான். உயரமான பழைய பஸ் வந்தால் கம்பியைப் பிடித்துக்கொண்டுதான் ஏறுகிறாராம். தாழ்தளப் பேருந்து வந்தால் எந்தக் கவலையும் இல்லை.

அன்றைக்கு வலது இடுப்பின் படத்தையும் கொண்டுவந்திருந்தார். அந்தப் பக்கமும் தேய்ந்துவிட்டது, இரவில் வலிக்கிறது. பயத்தோடுதான் பேச்சை எடுத்தார். படத்தை ஒளிப்பெட்டியில் மாட்டி, அவர் முன்னாலேயே அளந்து காட்டினேன். பந்து 44. இந்த முறை 48 கிண்ணம், 32 பந்து, குழியை இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளி, முன்விளிம்பு எலும்புக்குக் கீழே அடங்கியிருக்கிறதா என்று அறுவையின்போதே விரலால் தடவிப் பார்த்த பிறகுதான் கிண்ணத்தை அடித்து உட்கார வைப்பது. 48, 32 என்ற இரண்டு எண்களையும் தன் டைரியில் குறித்துக்கொண்டார். ஏப்ரலில் முழு ஆண்டுத் தேர்வு முடிந்து, விடைத்தாள் திருத்திக் கொடுத்துவிட்டு வந்து சேர்ந்துகொள்வதாகச் சொல்லிவிட்டு, கட்டிலிலிருந்து இரண்டு கால்களையும் தானாகக் கீழே இறக்கி வைத்து எழுந்தார்.